முன்னூறு எழுத்துக்குள்

விண்ணப்பத்தின் ஒன்பதாம் பெட்டி கேட்கிறது:
இந்த ஆய்வால் உலகுக்கு என்ன கிடைக்கும்?
முன்னூறு எழுத்துக்குள்.
இடைவெளிகளும் கணக்கில் சேரும்.

எட்மன்டனில் இரவு பத்தேகால்.
வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
நள்ளிரவில் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

காலையில் நடந்ததைச் சொல்லலாமா?
தூய அறைக்குள் போகுமுன் பொட்டை எடுத்தேன்,
பவுடரைக் கழுவினேன்,
தலைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, காலுக்கு இரண்டு என
வெள்ளை உறைகளுக்குள் என்னை மடித்து வைத்தேன்.
அங்கே அழுக்கு என்பது நான்தான்.
ஒரு தும்மல் போதும், மூன்று வாரம் போய்விடும்.

உள்ளே
சிலிக்கான் கம்பிகள் வளர்ந்திருந்தன,
சவரம் செய்த மறுநாள் தாடை மாதிரி.
ஒன்றின் தடிமன் தொண்ணூறு நானோமீட்டர்.
என் நகம் அந்த அளவு வளர
ஒன்றரை நிமிடம்.

சிலிக்கானுக்கு ஒரு குணம்:
லித்தியம் வந்து தங்கினால் மும்மடங்கு வீங்கும்.
கட்டியாக இருந்தால் வெடித்துப் பொடியாகும்,
விருந்தாளி கூடிப்போன வீட்டுச் சுவர் போல.
கம்பியாய் மெலிந்திருந்தால்
கொஞ்சம் பருத்து, கொஞ்சம் நெளிந்து,
வந்தவர்கள் போனதும் பழையபடி நிற்கும்.
நிற்கவேண்டும்.

இதுவரை அறுபத்திரண்டு மின்கலம் செய்திருக்கிறோம்,
கோட்டுப் பொத்தான் அளவில்.
நாற்பத்தோராவது நன்றாக ஓடியது.
நூற்றுப்பன்னிரண்டு முறை நிரம்பி
நூற்றுப்பன்னிரண்டு முறை வடிந்து
அடுத்த முறை
ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்துக்கொண்டது.
ஏன் என்று நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்
பூமிக்கடியில் ரயில் போகிறது,
படம் நடுங்குகிறது.
அது கடந்து முடியும்வரை நானும் ஹெர்மீனியாவும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்,
எங்கள் மூச்சால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும்.

இதையெல்லாம் ஒன்பதாம் பெட்டியில் எழுத முடியாது.
எழுதினேன்: வாரம் ஒருமுறை நிரப்பினால் போதுமான கைப்பேசி.
அழித்தேன்.
எழுதினேன்: லெத்பிரிட்ஜில் இரவெல்லாம் அடிக்கிற காற்றைப்
பிடித்து வைத்துப் பகலில் விளக்கெரிக்கக்கூடும்.
போன வருடம் பேராசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார்:
‘கூடும்’களைக் குறைக்கவும்.
அதை எடுத்தால் பொய்.
விட்டுவைத்தால் பணம் வராது.

பதினொன்று ஐம்பதுக்கு ஏதோ எழுதி அனுப்பிவிட்டு
இறங்கி வந்தால்
கார் எழவில்லை.
அதன் மூக்கில் தொங்கும் வயரைக்
கம்பத்தில் செருக மறந்திருக்கிறேன்.
சாவியைத் திருப்பினால் ஒரு ‘டிக்’.
அவ்வளவுதான்.

பனி அள்ளும் வண்டிக்கார ஓரெஸ்ட்
சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயரோடு வந்தார்.
கவ்விகளை மாட்டிக்கொண்டே கேட்டார்:
இந்நேரத்தில் உள்ளே என்ன வேலை?
பாட்டரி, என்றேன்.
சிரித்தார். மீசையிலிருந்து உறைபனி உதிர்ந்தது.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
இந்தக் குளிரிலும் சாகாததா?
ஆமாம்.
எப்போது வரும்?

ஆங்கிலத்தில் பதில் தேடினேன்.
தமிழில் ‘வரும்’ என்றாலே போதும்:
தினமும் வருவதற்கும் அதே சொல்,
இனிமேல் வருவதற்கும் அதே சொல்,
வந்தாலும் வரும் என்பதற்கும் அதுதான்.
நாலாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றபடி
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதைத்தான்.
உக்ரேனியத் தாத்தாவின் பேரனுக்கு
அதை எப்படி விளக்குவது?

என்ஜின் இருமியது, நின்றது,
மறுபடி இருமிப் பற்றிக்கொண்டது.
அவர் வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு
அடுத்த வரிசையில் செத்துக்கிடந்த
இன்னொரு காரை நோக்கிப் போனார்.

வீட்டுக்குப் பாதி வழியில் நினைவு வந்தது:
ஒன்பதாம் பெட்டியில்
பதினேழு எழுத்து மிச்சம் இருந்தது.